செயினா பெல்ட்டா என்று சண்டை பிடிப்பதற்கு முன்

இந்த வருடம் எங்கள் பாடசாலை ரோபோ அணிக்குள் முதல் சண்டையே, மோட்டரின் சுற்றைச் சில்லுகளுக்குக் கொண்டுபோகச் செயினா பெல்ட்டா என்பதில்தான். ஒரு பிள்ளை யூடியூபில் அமெரிக்க அணிகளின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு பெல்ட்டில் பிடிவாதமாக நிற்கிறாள், இன்னொருவனின் வீட்டில் சைக்கிள் கடை, அவனுக்குச் செயினைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது, மூன்றாவது ஆள் ஒன்றும் வேண்டாம், மோட்டரிலேயே சில்லைப் பூட்டிவிட்டு நித்திரைக்குப் போவோம் என்கிறான். மூன்று பேரும் ஒருவகையில் சரி, அதுதான் தொல்லை.

நான் இதில் பெரிய ஆள் இல்லை. களுவாஞ்சிக்குடிப் பக்கம் நெல் ஆலை இயந்திரங்கள் திருத்துவது என் வேலை, சனி ஞாயிறுகளில் கல்லடியில் ஒரு பாடசாலை அணிக்கு உதவியாகப் போகிறேன். பெல்ட்டும் பெயரிங்கும் நாள் முழுக்கக் கையில் புரள்வதால் அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். போன வருடம் அந்த நம்பிக்கையை நான் நன்றாகவே கெடுத்துக்கொண்டேன், அதையும் கீழே சொல்கிறேன்.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியவேண்டுமே, அதனால் முதலில் ரோபோவைச் சொல்லிவிடுகிறேன். எடை 11 கிலோ. 100 மிமீ விட்டத்தில் நான்கு இறப்பர் சில்லுகள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு 12 வோல்ட் கியர் மோட்டர்கள், மோட்டரின் அச்சு 6 மிமீ, ஒரு பக்கம் சீவிய ஆங்கில டீ (D) வடிவம். ஓடுகிற தளம் பிளைவுட், நடுவில் ஒரு சாய்வு. மோட்டர் பின் சில்லைச் சுற்றும், அந்தச் சுற்றை முன் சில்லுக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் கேள்வி. கொண்டுபோகாமல் விட்டால் என்ன என்று கேட்பீர்கள், விடலாம்தான், ஆனால் சாய்வில் ஏறும்போது எடை எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தச் சில்லு இழுக்கவேண்டும், சும்மா உருளும் சில்லில் எடையை வைத்துக்கொண்டு ஏற முடியாது.

நித்திரைக்குப் போக நினைத்தவனின் வழியை முதலில் பார்ப்போம். நான்கு மோட்டர் வாங்கி நான்கு சில்லையும் நேரே பூட்டினால் செயினும் இல்லை பெல்ட்டும் இல்லை. மூன்று நான்கு கிலோவுக்குள் இருக்கும், கோட்டைப் பார்த்து ஓடும் ரோபோவுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது, வேறு எதையும் யோசித்து நேரத்தை வீணாக்கவேண்டாம். எடை கூடினால்தான் கதை மாறுகிறது. கியர்ப்பெட்டியின் வாயில் இருக்கும் அந்தச் சின்ன புஷ், அதாவது அச்சு நுழையும் வளையம், அச்சைச் சுற்றவிடுவதற்காக வைத்தது, ரோபோவைச் சுமப்பதற்காக அல்ல. சில்லு வெளியே தொங்கிக்கொண்டு நிற்க, ஒவ்வொரு முட்டலும் மோதலும் நெம்புகோல் போட்டதுபோல அந்த 6 மிமீ அச்சில்தான் இறங்கும். எங்களுடைய முதல் ரோபோ இப்படித்தான் இருந்தது. கொழும்புக்கு இரவு பஸ்ஸில் கொண்டுபோய் இறக்கும்போதே ஒரு சில்லு குடிகாரனைப் போல ஆடிக்கொண்டிருந்தது.

வைப்பர் மோட்டர் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாராவது ஒருவர் கட்டாயம் அதைத் தூக்கிக்கொண்டு வருவார். பழைய வாகன பாகக் கடையில் மலிவாகக் கிடைக்கும், வலுவும் உண்டு. ஆனால் அது ஒரு பக்கம் சுற்றுவதற்கென்று செய்தது. மோட்டருக்குள் மின்சாரம் கொடுக்கும் பிரஷ் வைத்திருக்கும் கோணத்தால் மறுபக்கம் சுற்றும்போது வேகம் வேறாக இருக்கும். ரோபோவில் இடப்பக்க மோட்டரும் வலப்பக்க மோட்டரும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு எதிரெதிராகச் சுற்றவேண்டும், ஆகவே நேரே விட்டால் வளைந்து போகும். மென்பொருளில் சரிக்கட்டலாம். நான் அதில் இறங்கமாட்டேன்.

சரி, செயின். எங்கள் ஊரில் செயின் என்றால் சைக்கிள் செயின்தான், மட்டக்களப்பில் எந்தச் சந்தியிலும் வாங்கலாம், அறுந்தால் போட்டிக்கு முதல் நாள் இரவுகூட யாரையாவது எழுப்பி ஒன்று எடுக்கலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே அதை முதலில் எண்ணிப் பார்ப்பது நியாயம். கண்ணிக்குக் கண்ணி 12.7 மிமீ, அதாவது அரை அங்குலம். 16 பல்லுள்ள ஒரு ஸ்ப்ரொக்கெட், அதாவது பல்லுச்சில்லு, எடுத்தால் அதன் விட்டம் ஏறக்குறைய 65 மிமீ வரும், அதன்மேல் செயினின் தடிப்பையும் சேர்த்தால் சில்லின் நடுவிலிருந்து கிட்டத்தட்ட 37 மிமீ கீழே இறங்கிவிடும். சில்லின் ஆரையே 50 தான். அப்போ தளத்துக்கும் செயினுக்கும் இடையில் மிஞ்சுவது 13 மிமீ, சமதரையில் போதும், சாய்வு தொடங்கும் இடத்தில் செயின் பிளைவுட்டை உரசும். எங்களுக்கு உரசியது.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று நடந்தது. பல்லுச்சில்லு வாங்கி வா என்று அனுப்பினோம், பிள்ளை போய் சைக்கிளின் பின்சில்லில் பூட்டும் ப்ரீவீலை வாங்கி வந்துவிட்டான், நானும் பார்க்காமல் பூட்டச் சொல்லிவிட்டேன். முன்னுக்குப் போ என்றால் அழகாகப் போனது, எல்லோரும் கை தட்டினார்கள். தூக்கிப் பிடித்துப் பின்னுக்கு விட்டதும் முன் சில்லு இரண்டும் டிக் டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டு சும்மா நின்றன. சைக்கிளில் மிதிக்காமல் உருண்டு போவதற்கென்றே செய்த சாமான் பின்னுக்கு எப்படி இழுக்கும்! நெல் ஆலையில் பத்து வருடம் வேலை செய்தவனுக்கு இது தெரியவில்லையா என்று ஒருவரும் என் முகத்துக்கு நேரே கேட்கவில்லை. உள்ளே வெல்டிங் பிடித்து இறுக்கிவிடலாம், சிலர் செய்கிறார்கள், ஆனால் வெல்டிங் சூட்டில் நடு கொஞ்சம் கோணினாலும் செயின் ஒரு சுற்றில் இறுகி மறு சுற்றில் தொங்கும். அசையாத பல்லுச்சில்லைத் தேடி எடுங்கள், அல்லது தகட்டில் வெட்டுவியுங்கள்.

செயினில் பிள்ளைகள் கவனிக்காத இன்னொன்று, கண்ணிகள் சாதாரணமாக இரட்டையாகத்தான் இருக்கவேண்டும். உள்கண்ணி, வெளிக்கண்ணி என்று மாறிமாறி வருவதால் ஒற்றைக் கண்ணியைக் கழற்றினால் முனை இரண்டும் பொருந்தாது. ஆகவே சைக்கிள் செயினின் நீளத்தை 25.4 மிமீ, 25.4 மிமீ என்று தாவித்தாவித்தான் கூட்டிக் குறைக்கலாம். 16 பல், 16 பல் என்று போட்டு 56 கண்ணி வைத்தால் இரண்டு அச்சுக்கும் இடைத்தூரம் சரியாக 254 மிமீ வரும். எங்கள் சட்டத்தில் துளை 260 இல் போட்டிருந்தோம், கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று. 56 எட்டவில்லை, 58 போட்டால் 13 மிமீ மிச்சம் தொங்குகிறது. அலுமினியத்தில் போட்ட துளையை யாரால் நகர்த்த முடியும்? கடைசியில் சமையலறை வெட்டும் பலகையில் ஒரு துண்டு அறுத்து, அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் கட்டையைச் செயினுக்கு அடியில் முட்டுக்கொடுத்து இழுப்பை எடுத்தோம். பார்க்க அசிங்கம், ஆனால் கடைசி வரை ஓடியது. இந்த முறை அச்சுத் துளையைக் கொஞ்சம் நீட்டாக, சைக்கிள் பின்சில்லை இழுத்து இறுக்குகிற மாதிரி விட்டிருக்கிறோம். விரலால் செயினின் நடுவை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால் 254 மிமீ இடைத்தூரத்துக்கு மொத்தம் 5 இலிருந்து 10 மிமீ ஆடினால் போதும், வீணைத் தந்தி மாதிரி இறுக்குவது பெயரிங்குக்கும் மோட்டருக்கும் கேடு.

சின்னச் செயினும் இருக்கிறது, 25 என்ற அளவு. கண்ணிக்கு 6.35 மிமீ, சைக்கிள் செயினில் சரிபாதி. 16 பல்லுக்கு விட்டம் 32.5 மிமீ தான் வரும், தளத்தில் உரசும் பேச்சே இல்லை, நீளமும் 12.7 ஆகத்தான் தாவும். வெளிநாட்டு அணிகள் பெரும்பாலும் இதையும் 35 என்ற அடுத்த அளவையும் பாவிக்கின்றன. நாங்கள் போன முறை இணையத்தில் ஓடர் போட்டோம், ஐந்து கிழமை கழித்து வந்தது, அதற்குள் போட்டி முடிந்துவிட்டது. மறுகாதான் ஒரு கராஜில் பேச்சுவாக்கில் தெரிந்தது, பழைய ஹொண்டா 50, 70 வகை மோட்டார் சைக்கிள்களின் எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயின் 25எச், அதே 6.35 மிமீ என்று! கண்ணுக்கு முன்னால் இருந்திருக்கிறது. அது வளையமாக ரிவெட் பண்ணி வரும், சைக்கிள் செயின் மாதிரி கிளிப்பைக் கழற்றிப் பிரிக்கும் பூட்டுக் கண்ணி இருக்காது, ஆணியைத் தள்ளிக் கழற்றிக் குறைக்கவேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். பல்லுச்சில்லை 3 மிமீ இரும்புத் தகட்டில் லேசரில் வெட்டுவிக்கலாம், செயினின் உள்ளகலம் 3.18 மிமீ என்பதால் பல்லின் இரண்டு பக்கத்தையும் அரத்தால் கொஞ்சம் சீவிவிட்டால்தான் சிக்காமல் ஏறி இறங்கும்.

பூட்டுக் கண்ணி போடுகிறவர்கள் அந்தக் கிளிப்பின் மூடிய பக்கம் ஓடும் திசையைப் பார்த்து இருக்கவேண்டும் என்று மோட்டார் சைக்கிள்காரர்களிடம் கேட்டிருப்பீர்கள். ரோபோ இரண்டு பக்கமும் ஓடுகிறதே என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. எந்தப் பக்கம் வேகமாக, அதிக நேரம் ஓடுகிறதோ அதைப் பார்த்துப் போட்டுவிட்டு, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் கண்ணால் ஒரு தடவை பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

செயினுக்கு எதிராக நான் சொல்லக்கூடிய பெரிய குறை துரு. பாடசாலை கடலுக்குக் கிட்ட. மார்கழி விடுமுறைக்கு மூடிவிட்டுப் போனோம், வாடைக்காற்றும் மழையும் அடித்து ஓய்ந்து தையில் வந்து பெட்டியைத் திறந்தால் செயின் கருவாட்டு நிறத்தில் விறைத்துக் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு எடுத்தோம், பாதிக் கண்ணி மடங்கவில்லை. எண்ணெய் போட்டுத் துணியால் துடைத்து பொலித்தீன் பையில் கட்டி வைத்திருந்தால் வந்திராத வேலை. எண்ணெய் கூடப் போட்டாலும் கரைச்சல், மணல் வந்து ஒட்டி அரைக்கும்.

துருவென்ற பேச்சே இல்லாதது பெல்ட். பல்லுள்ள இறப்பர் பெல்ட்டைச் சொல்கிறேன், ஆலையில் ஓடும் வீ பெல்ட்டை அல்ல. வீ பெல்ட் தேவையான இடத்தில் வழுக்கி மோட்டரைக் காப்பாற்றும், அது ஆலைக்கு நல்லது, நின்று புறப்பட்டு நின்று புறப்படும் ரோபோவுக்கு உதவாது. பல் பெல்ட்டில் சத்தமில்லை, எண்ணெயில்லை, எடை செயினோடு பார்க்கையில் ஒன்றுமே இல்லை. 50 கிலோவைத் தாண்டும் ரோபோக்களை அமெரிக்கப் பாடசாலைப் பிள்ளைகள் 5 மிமீ பல் இடைவெளியுள்ள பெல்ட்டில் ஓட்டுகிறார்கள், ஆகவே வலு காணாது என்று யாரும் சொல்லமுடியாது. முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் இருக்கும் 2 மிமீ பல் பெல்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள், அந்த 6 மிமீ அகல நாடா 11 கிலோவுக்கு ஆகாது.

பெல்ட்டின் பலவீனம், கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. வளையமாகத்தான் வரும், வெட்டி ஒட்ட முடியாது. கணக்கு லேசு: இரண்டு பக்கமும் 24 பல் கப்பி, பெல்ட்டின் சுற்று 600 மிமீ என்றால், 24ஐ 5ஆல் பெருக்கி வரும் 120ஐ 600 இலிருந்து கழித்து, பாதியாக்கினால் 240. அச்சு இரண்டும் 240 மிமீ இடைவெளியில் இருந்தே ஆகவேண்டும். ஒரு மிமீ குறைந்தால் திடீரென்று திரும்பும்போது பல் தாவும், ஒரு மிமீ கூடினால் பூட்டவே வராது. கையால் துளைக்கும் டிரில்லும் அடிமட்டமும் வைத்துக்கொண்டு அந்த ஒரு மிமீயைப் பிடிப்பது எங்கள் ஆய்வுகூடத்தில் நடக்கிற காரியமா? கப்பியை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுக்கலாம், நன்றாகவே வேலை செய்கிறது, 24 பல்லுக்கு 38 மிமீ விட்டம்தான். ஆனால் பெல்ட்டை இங்கே வாங்க முடியாது. கார் கடையில் கிடைக்கும் டைமிங் பெல்ட் பல் பெரியது, கப்பியும் பெரிதாகிவிடும். கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ சொல்லித்தான் எடுக்கவேண்டும், எடுத்தால் நான்காக எடுக்கவேண்டும், எடுத்த பிறகு மடித்துப் பைக்குள் திணிக்கக்கூடாது, உள்ளே இருக்கும் இழை ஒருமுறை மடிந்து முறிந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, ஓட்டத்தின் நடுவில்தான் தெரியும்.

கியரைக் கியரோடு பூட்டிச் சுற்றுவது நாலாவது வழி, ஆனால் 25 சென்ரிமீற்றர் தூரத்துக்குக் கியரை வரிசையாக அடுக்குவது கல்லடிப் பாலத்தைக் கடக்கக் கப்பல் பிடிப்பது போல. விடுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு போன வருடம் உண்மையில் எங்களைக் கவிழ்த்தது எது என்று சொல்கிறேன். செயின் கழன்றுவிட்டது, செயின் கழன்றுவிட்டது என்று மூன்று கிழமை செயினோடு மல்லுக்கட்டினோம். இழுத்து இறுக்கினோம், கண்ணியைக் குறைத்தோம், கட்டையை மாற்றினோம். கடைசியில் ரோபோவைத் தூக்கிக்கொண்டு ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்த பெரியவர் செயினைப் பார்க்கவேயில்லை. கறுப்பு மார்க்கரை எடுத்து அச்சிலிருந்து பல்லுச்சில்லின் முகத்துக்கு ஒரே கோடாக இழுத்தார். ஓட்டு என்றார். சில்லைக் கையால் பிடித்துக்கொண்டு பிள்ளை இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் விட்டான். நிறுத்திப் பார்த்தால் கோடு இரண்டாகப் பிரிந்து, அச்சில் இருந்த பாதி ஒரு பக்கமும் பல்லுச்சில்லில் இருந்த பாதி மறுபக்கமுமாக நிற்கிறது.

“மனே, செயினில ஒண்டுமில்ல. அச்சு உள்ளுக்க வழுக்குது.”

அவ்வளவுதான் சொன்னார். பல்லுச்சில்லை அச்சில் பிடித்துக்கொண்டிருந்தது தலையில்லாத ஒரு குட்டி ஸ்க்ரூ, அலன் கீயால் முறுக்குவது. அது தளர்ந்து, பல்லுச்சில்லு அச்சின் வழியே நகர்ந்து, மற்றப் பல்லுச்சில்லோடு நேர்கோட்டில் இல்லாமல் போய், அதனால்தான் செயின் கழன்றிருக்கிறது. நோய் ஒன்று, நாங்கள் மருந்து கட்டியது வேறிடத்தில்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 11 கிலோ ரோபோ, இறப்பர் நன்றாகப் பிடிக்கிறது, உராய்வுக் குணகம் 1 என்று வைத்துக்கொள்வோம். சில்லு வழுக்கும் வரை தள்ளினால் நான்கு சில்லுக்கும் சேர்த்து 5.4 நியூட்டன் மீற்றர் முறுக்கம், ஒரு சில்லுக்கு 1.35. 25 செயினில் 16 பல் போட்டால் அந்தச் செயினை இழுக்கும் விசை எட்டரைக் கிலோ எடைக்குச் சமம், அந்தச் செயின் சிரித்துக்கொண்டே தாங்கும். ஆனால் பின் சில்லுக்கும் முன் சில்லுக்கும் சேர்த்து ஒரு பக்கத்தின் முழு முறுக்கமும் போவது மோட்டரின் அந்த 6 மிமீ அச்சு வழியாக. அதன் மேற்பரப்பில், அதாவது நடுவிலிருந்து 3 மிமீ தள்ளி, ஏறக்குறைய 90 கிலோ! அதை ஒரு குட்டி ஸ்க்ரூவின் முனையை நம்பி விட்டிருக்கிறோம். செயினா பெல்ட்டா என்று சண்டை பிடித்த நேரத்தில் யாரும் இந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நான் உட்பட.

ஆகவே என் ஒப்பீட்டில் முதல் கேள்வி இப்போது இதுதான்: எந்த வழியில் அச்சுக்கும் சில்லுக்கும் இடையிலான பிடி நன்றாக அமையும்? நேரே மோட்டரில் பூட்டினால் அந்த 6 மிமீயை விட்டு வெளியே வர முடியாது, டீ முகத்தில் ஸ்க்ரூ சரியாக உட்காரவேண்டும், அவ்வளவுதான் செய்யலாம். செயினோ பெல்ட்டோ போட்டால் சில்லுக்குத் தனியாக 12 மிமீ அச்சு வைத்து, இரண்டு பக்கமும் 6201 பெயரிங்கில் உட்காரவிடலாம். உள்விட்டம் 12, வெளிவிட்டம் 32, தடிப்பு 10, எந்த மோட்டார் சைக்கிள் பாகக் கடையிலும் உண்டு. அந்தத் தடித்த அச்சில் பல்லுச்சில்லுக்கும் அச்சுக்கும் குறுக்கே ஒரு துளை போட்டு ஆணி இறக்கலாம், அல்லது ஒரு சின்ன இரும்புக் கட்டை இறங்கும் சாவிக்குழி வெட்டலாம். வழுக்குவதற்கு இடமே இல்லை. மோட்டர் இப்போது எடை சுமக்காமல் சுற்றுகிற வேலையை மட்டும் பார்க்கும். அமெரிக்க அணிகள் அரை அங்குல அறுகோண அச்சு பாவிப்பதும் இதே காரணத்துக்குத்தான், அறுகோணத் துளைக்குள் அறுகோணக் கம்பி எப்படி வழுக்கும். எங்கள் ஊரில் அறுகோணக் கம்பி தேடி அலைவதைவிட வட்டக் கம்பியில் ஆணி இறக்குவது லேசு.

மோட்டர் பக்கத்தில் மட்டும் ஸ்க்ரூ தவிர்க்கமுடியாது. அங்கே இரண்டு ஸ்க்ரூ, ஒன்று டீ முகத்தில், மற்றது அதற்கு 90 பாகையில், இரண்டுக்கும் ஒரு துளி நீல லொக்டைட், அதாவது ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை. முழுதாக இறுக ஒரு நாள் விடவேண்டும், போட்டி மண்டபத்தில் போட்டுவிட்டு உடனே ஓட்டினால் ஈரத் திரவத்துக்குக் காசு கொடுத்ததுதான் மிச்சம். அக்ரிலிக், ஏபிஎஸ் பிளாஸ்டிக் பாகங்களில் அது படவும் கூடாது, நாளடைவில் வெடிப்பு விடும். லொக்டைட் இல்லாத அன்று ஒரு பிள்ளையின் நகப்பூச்சைப் பூசினோம், மோசமில்லை. மார்க்கர் கோட்டை இப்போது எல்லா அச்சிலும் இழுத்து வைத்திருக்கிறோம், ஓட்டம் முடிந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

எங்கள் தெரிவு இதுதான்: மோட்டரிலிருந்து பின் அச்சுக்கும் பின்னிலிருந்து முன்னுக்கும் 25எச் செயின், 12 மிமீ அச்சு, ஆணி, நீட்டுத் துளை. பெல்ட் கேட்ட பிள்ளைக்குக் கோபம்தான். லேசர் வெட்டியும் நல்ல டிரில் மெஷினும் பெல்ட் வந்துசேர மூன்று மாதமும் கையில் இருந்தால் நான் அவள் பக்கம் நிற்பேன், ஒலுவில் பொறியியல் பீடப் பிள்ளைகள் கேட்டால் பெல்ட்டைத்தான் சொல்வேன். அவர்களுக்கு அந்த ஒரு மிமீ பிரச்சினையே இல்லை. எங்களிடம் இருப்பது அடிமட்டம், அரம், ஞாயிற்றுக்கிழமை. பிழைவிட்டால் நகர்த்திக்கொள்ள இடம் தருவது செயின்தான்.

பூட்டும்போது பல்லுச்சில்லு இரண்டின் முகத்திலும் ஒரு இரும்பு அடிமட்டத்தைப் படுக்கவைத்துப் பாருங்கள், நான்கு இடத்திலும் படிந்தால் நேர், ஒரு இடத்தில் வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பக்க அச்சில் வாஷர் ஒன்று கூட்டவேண்டும் அல்லது குறைக்கவேண்டும். இதை ரோபோவின் மேல்தட்டைப் பூட்டுவதற்கு முன் செய்யுங்கள். நாங்கள் மேல்தட்டு, பற்றறி, வயர் எல்லாம் போட்டு முடித்த பிறகுதான் அடிமட்டத்தை எடுத்தோம், போன சனிக்கிழமை முழுக்கக் கழற்றுவதிலேயே போய்விட்டது.